மற்றவர்கள் பெயர் எழுதிய பிரதிகள்

எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியின் நடுத்தட்டில் ஒரே புத்தகம் வரிசையாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை அட்டை. கொழும்பின் நகர அரசியலைப் பற்றிய புத்தகம் அது. எழுதியவர் என் நண்பர். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துக்கு மேலே யாராவது ஒருவருடைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, நண்பர் மீது எனக்கு எவ்வளவு பாசம் என்று மெச்சுவார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன். பாசமாவது மண்ணாங்கட்டியாவது. அது சுத்தமான வயிற்றெரிச்சல்.

நாங்கள் இருவரும் ஒரே தமிழ்ப் பத்திரிகையில் நிருபர்களாக இருந்தவர்கள். அவருக்கு வீடு வெள்ளவத்தையில், எனக்குக் கொட்டாஞ்சேனையில். அவருக்கு நாடாளுமன்றம் கிடைத்தது, எனக்கு மாநகர சபை. அவர் எழுதுவது முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். எந்த ஒழுங்கையில் தண்ணீர் வரவில்லை, எந்த வட்டாரத்தில் குப்பை அள்ளவில்லை என்று நான் எழுதுவது உள்ளே மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வரும். மரண அறிவித்தல் பக்கத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள், முதற்பக்கத்தை யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்வேன். இந்தத் தேறுதல் ஓய்வுபெறும் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் புத்தகம் எழுதும் ஆசை வந்தது. அதுவும் நாடாளுமன்றத்தைப் பற்றி அல்ல, நகர அரசியலைப் பற்றி. அமைச்சர்களின் வீட்டு நாயைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த மனிதருக்கு ஒரு வட்டாரத்தில் வாக்கு எப்படிச் சேருகிறது என்பது தெரியாது. ஆகவே என்னிடம் வந்தார்.

"ஐசே, உம்மளை விட்டா இதுக்கு எனக்கு வேற ஆள் இல்லை" என்று முதல் நாளே சொன்னார்.

அந்த ஒரு வசனத்துக்காக நான் மாதக்கணக்கில் அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை முழுக்க நடந்தேன். சந்தைக்குப் பின்னால் இருக்கும் தோட்டக் குடியிருப்புகள், கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கைகள், தேநீர்க் கடைகள், எல்லா இடமும் காட்டினேன். யார் யாருக்குத் தெருவிளக்குப் போட்டார், யார் யாருடைய வாசலில் போட்ட விளக்கைக் கழற்றினார் என்று சொன்னேன். அவர் சின்னக் கருவியில் பதிவு செய்துகொண்டே வந்தார். கதிரைக் கதையையும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மாநகர சபை உறுப்பினர் செத்த வீடுகளுக்கென்றே பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கி வைத்திருந்தார். மலர்ச்சாலையிலிருந்து பிரேதம் வந்து சேருவதற்கு முன்னமே அவருடைய கதிரைகள் வந்து இறங்கிவிடும். வாடகை கிடையாது. முதுகுச் சாய்வின் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றில் அவருடைய பெயர் இருக்கும். அழுதுவிட்டு நிமிர்கிற எவரும் முன்வரிசைக் கதிரையில் அந்தப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தேர்தலில் அவர் தோற்றுப்போனார். முடிவு வந்த அன்று ஒரு வீட்டில் பிரேதம் கிடக்கிறது. பின்னேரம் லொறியோடு ஆட்கள் வந்து கதிரைகளைக் கேட்டார்கள். இருந்தவர்கள் எழும்பிக் கொடுத்துவிட்டு நின்றார்கள். சேதி கேட்டு, வென்றவர் உடனே தன் கதிரைகளை அனுப்பினார். அவசரத்தில் பெயரைச் சாய்வின் முன்பக்கத்தில் எழுதிவிட்டார்கள். பெயின்ற் காயவும் இல்லை. அன்று வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆண்கள் எல்லோரும் புதிய உறுப்பினரின் பெயரை முதுகில் இடவலம் மாறிச் சுமந்துகொண்டுதான் மயானத்துக்குப் போனார்கள். அதில் நானும் ஒருவன். அந்தச் சேட்டு என் மனைவி எவ்வளவு தோய்த்தும் வெளுக்கவில்லை.

புத்தகத்தில் இது ஐந்தாம் அத்தியாயம். மதிப்புரை எழுதிய எல்லோரும் மெச்சியது அதைத்தான். அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: 'கொட்டாஞ்சேனைவாசி ஒருவரின் கூற்றுப்படி.' அந்தக் கொட்டாஞ்சேனைவாசி நான். நன்றியுரையில் அட்டைப்படம் வரைந்தவருக்குப் பெயர் உண்டு, அச்சகத்தாருக்குப் பெயர் உண்டு, அணிந்துரை தந்தவருக்குப் பட்டங்களோடு பெயர் உண்டு. கடைசி வரியில் 'தகவல் தந்துதவிய பலருக்கும்' என்று இருக்கிறது. பலர் என்றால் நான்தான். வேறு யாரும் அவரோடு வெயிலில் நடக்கவில்லை.

இருந்தாலும் அச்சில் விட்டதை வெளியீட்டு விழாவில் சரிசெய்வார் என்று நம்பினேன். எங்களுடைய விழாக்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பேச்சுகள் முடிந்ததும் முதற்பிரதி, அதன் பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் மேடைக்குப் போய், காசு வைத்த கடித உறையைக் கொடுத்து, தன் பெயர் எழுதிக் கையொப்பமிட்ட பிரதியை வாங்கி, படமெடுக்கும் வரைக்கும் இருவரும் புத்தகத்தின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உறையை அங்கே பிரிப்பது அநாகரிகம். புத்தகத்தைத் திறப்பதும் அப்படித்தான். யார் கூப்பிடப்பட்டார், யார் கூப்பிடப்படவில்லை என்பது அடுத்த விழா வரைக்கும் பேசப்படும்.

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், ஒரு ஞாயிறு மாலை. நான் புதுச் சேட்டுப் போட்டிருந்தேன். உறை பொக்கற்றில் இருந்தது. நான் மேடையேறும்போது வீடியோ எடுக்கும்படி மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அறிவிப்பாளர் ஒவ்வொரு முறை மூச்சு எடுக்கும்போதும் நான் கதிரையின் நுனிக்கு வந்தேன். வைத்தியர் போனார். புறக்கோட்டை வர்த்தகர்கள் வரிசையாகப் போனார்கள். நுகேகொடையிலிருந்து ஒரு பேராசிரியர் போனார். கொட்டாஞ்சேனை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கடலைக் காட்டக்கூடியவர்கள் எல்லாம் போனார்கள். கடைசியில் அறிவிப்பாளர், நேரம் போதாமையால் ஏனையோர் வாசலில் பிரதிகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்.

"இஞ்சருங்கோ, வீடியோ ஓடிக்கொண்டே இருக்கு. நிப்பாட்டட்டோ?" என்று கேட்டாள் மனைவி.

கூட்டம் குறைந்ததும் நண்பரிடம் போனேன். தோளில் பொன்னாடை, முகமெல்லாம் வியர்வை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு என்னத்துக்கு ஐசே மேடையும் கையெழுத்தும்? நாங்கள் வீட்டு ஆக்கள். ஒரு நாளைக்கு ஆறுதலா வந்து எழுதித் தாறன்."

வாசலில் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கினேன். கையெழுத்தில்லாத பிரதி. ஆறுதலாக, நேரமெடுத்து வருவதாகச் சொன்னவர் அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. வட்ஸ்அப்பில் மட்டும் வந்துகொண்டிருந்தார். வானொலிப் பேட்டி, கனடாவில் அறிமுக விழா, பாராட்டுச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் நான் கைகூப்பும் படத்தை அனுப்பினேன். அனுப்பிவிட்டு அன்றைய சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியோடு சண்டை போட்டேன்.

மருதானையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் என் வயதுக்காரர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். சனிக்கிழமைகளில் அங்கே போய்த் தூசி தட்டுவது எனக்கு வழக்கம். அப்படி ஒரு சனிக்கிழமை சமையல் புத்தகங்களுக்கும் சோதனை வினாத்தாள்களுக்கும் நடுவில் அந்தப் பச்சை முதுகு தெரிந்தது. இழுத்துத் திறந்தேன். வைத்தியரின் பெயர். கீழே 'அன்புடன். வாசித்துக் கருத்துச் சொல்லவும்.' கையெழுத்து, திகதி. உள்ளே விழா அழைப்பிதழ் மடிப்புக் கலையாமல் இருந்தது. புத்தகத்தின் முதுகு ஒரு தடவைகூட வளைந்திருக்கவில்லை.

"புதுசு மாதிரியே ஈக்கி சேர். ஆரும் தொறக்கவே இல்ல" என்றார் கடைக்காரர், நான் விலை குறைத்துக் கேட்பேனோ என்ற யோசனையில்.

எனக்கு மனம் குளிர்ந்தது. மேடையில் மூலையைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்த மனிதர் இதைத் திறக்கவே இல்லை. பேரம் பேசாமல் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு வரத் தொடங்கின. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் இடம் குறைவு. ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குப் போகிறதென்றால், வீட்டை விட்டு முதலில் வெளியேறுவது புத்தகங்கள்தான். கடைக்காரர் எனக்கென்று எடுத்து வைக்கப் பழகிவிட்டார். "சேர், ஒங்கட கூட்டாளிட புத்தகம் இன்னொண்டு வந்தீக்கி" என்று போன் பண்ணுவார். அதிபர் ஒருவருடையது வந்தது. வங்கி முகாமையாளர் ஒருவருடையது வந்தது. ஒவ்வொன்றிலும் அதே வரி: வாசித்துக் கருத்துச் சொல்லவும். ஒருவரும் வாசிக்கவும் இல்லை, கருத்துச் சொல்லவும் இல்லை. நான் ஒவ்வொரு பிரதியையும் நடுத்தட்டில் நிறுத்தினேன். என்றாவது ஒரு நாள் நண்பர் 'ஆறுதலாக' வருவார், வந்து பார்க்கட்டும் என்று.

"மற்ற ஆக்களிண்ட பேர் எழுதின புத்தகத்தை ஏன் எங்கட வீட்டில அடுக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். "அலுமாரி அழகா இருக்குத்தானே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது என்பது தெரிந்தது.

ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் இனிக்கவில்லை. பேராசிரியருடைய பிரதி கிடைத்தபோது, அதுவும் திறக்கப்படாதது என்ற எண்ணத்தில் புரட்டினேன். மனிதர் வாசித்திருந்தார். பென்சிலால் கோடுகள் போட்டிருந்தார். கதிரைக் கதையின் ஓரத்தில் 'ஆசிரியரின் கூர்மையான அவதானிப்பு' என்று எழுதியிருந்தார். அவதானித்தது யார்? பெயின்ற் ஒட்டியது யாருடைய முதுகில்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசிக்காதவர்கள் எவ்வளவோ மேல் என்று பட்டது.

அதைவிட மோசம் புறக்கோட்டை வர்த்தகருடைய பிரதி. அச்சுச் செலவில் பெரும் பகுதியை ஏற்றவர் அவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் பக்கத்தில் வழக்கமான வரி இல்லை. வேறொன்று இருந்தது: 'தாங்கள் இல்லையேல் இந்நூல் இல்லை.' கடையிலேயே நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உம்மளை விட்டா வேற ஆள் இல்லை என்று எனக்குச் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வாயால் சொன்னதை அவருக்கு இலக்கணமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், அந்த வரியை என் பெயருக்குக் கீழே எழுதித் தந்திருந்தால் போதும். செத்தாலும் மருதானைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்திருப்பேன். இங்கே அது பழைய வினாத்தாள்களோடு கிடக்கிறது.

"என்ன சேர், பக்கம் கொறையுதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை, எல்லாம் இருக்கு" என்று சொல்லிக் காசைக் கொடுத்தேன்.

நண்பர் கடைசியில் போன மாதம் வந்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட அல்ல, மகளின் கலியாணக் காட் கொடுக்க. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்; போனில் சொன்னால் வரமாட்டார்கள். தோளில் ஒரு பை நிறைய அழைப்புக் காட்டுகள், ஒவ்வொன்றிலும் அவருடைய கையால் எழுதிய பெயர். எங்களுடையதைத் தட்டத்தில் வைத்துத் தந்துவிட்டு இருந்தார். இருந்த கதிரை அலுமாரிக்கு நேரே.

"என்ன ஐசே, என்ர புத்தகத்தில இவ்வளவு கொப்பி வைச்சிருக்கிறீர்!" முகம் மலர்ந்துவிட்டது. "ஆக்களுக்குப் பரிசு குடுக்கவோ?"

இந்த நேரத்துக்காக எத்தனையோ வசனங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவரே எழும்பிப் போய் ஒன்றை உருவினார். முதல் பக்கத்தைத் திறந்தார்.

"எங்க எடுத்தனீர்?"

"மருதானையில."

"இவருக்கு இண்டைக்குப் பின்னேரம் காட் குடுக்கப் போறன்" என்றார். வைத்தியருடைய பிரதி அது. பிறகு சொன்னார், "அவை வீடு மாறினவை. பெட்டி மாறிப் போயிருக்கும்."

அடுத்ததை எடுத்தார். "இவர் கண் ஒப்பரேஷன் செய்தவர். வாசிக்க ஏலாது." அதற்கடுத்தது. "இது மனுசி தெரியாமக் குடுத்திருப்பா." ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்டுச் சொன்னார். கடைசியாகப் புறக்கோட்டை வர்த்தகருடையதைத் திறந்தார். தன் வரியைத் தானே வாசித்தார். அதற்குச் சாட்டு இருக்கவில்லை. மூடி, இருந்த இடத்திலேயே நேராக நிறுத்திவிட்டு வந்து இருந்தார்.

"தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

சந்தோஷம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் பிரதியில் நன்றாகவே வந்தது. மூன்றாவதில் குறைந்துவிட்டது. வர்த்தகருடையதில் அது போய், பழைய எரிச்சலே திரும்பி வந்தது. இந்த மனிதருக்குத் துரோகம் செய்யக்கூட இத்தனை பேர் இருக்கிறார்கள். என் கையெழுத்தைக் கொண்டுபோய் மருதானையில் போடுவதற்குக் கொழும்பில் ஒருவர் இல்லை. போடுவதற்கு நான் ஒன்றும் எழுதவில்லையே.

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "உம்மட கொப்பி எங்க?"

அறைக்குள் போய் எடுத்துவந்தேன். என் பிரதி மற்றவற்றைப் போல இல்லை. அட்டை மடங்கியிருக்கும், எல்லாப் பக்கத்திலும் நீலப் பேனையால் நான் எழுதிய திருத்தங்கள் இருக்கும். ஒழுங்கையின் பெயர் பிழை, லொறி வந்தது பின்னேரம், இப்படி. ஐந்தாம் அத்தியாயத்தில் 'கொட்டாஞ்சேனைவாசி ஒருவர்' என்ற இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் 'நான்' என்று எழுதியிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் முதல் பக்கத்தைத்தான் திறந்தார். பேனையை எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கிறாரே என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. குனிந்து எழுதி, திகதி போட்டு, மூடி, இரண்டு கையாலும் தந்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். மேடையில் போலவே ஒரு கணம் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கொடுத்தவர் முன்னால் திறக்கக்கூடாது. ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்து திறந்தேன்.

என் பெயர் இருந்தது. அதன் கீழே: 'அன்பு நண்பருக்கு. வாசித்துக் கருத்துச் சொல்லவும்.'

மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிப்புத் தாங்காமல் கதிரையில் இருந்துவிட்டாள். "கேக்கிறார் தானே. சொல்லுங்கோவன் கருத்தை" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. கை பழகிப்போன வரி, யோசனையில்லாமல் வந்திருக்கும் என்று அவள் பிறகு சமாதானம் சொன்னாள். யோசனையில்லாமல் வந்தது என்பதுதானே என் முறைப்பாடு. இந்தப் புத்தகத்தை என் கால்களால் எழுதியவன் நான். என்னிடமே வாசித்துப் பார்க்கச் சொல்கிறார். அந்தக் கிழமை முழுக்க எவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை வந்ததும் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மருதானைக்குப் போனேன். மற்றவர்கள் செய்ததை நானும் செய்கிறேன். என் பெயரும் அந்த வினாத்தாள்களோடு கிடக்கட்டும்.

கடைக்காரர் வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"சேர்ட பேர் எழுதி ஈக்கே. கூட்டாளியோட சண்டையா?"

"சண்டை ஒண்டும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கோ."

அவர் புத்தகத்தை மூடி என் பக்கமே தள்ளினார். "நான் எடுத்தா ஆருக்கு விக்கிற சேர்? இந்தப் புத்தகத்தக் கேட்டு வாற ஒரே ஆள் நீங்கதானே. இத இங்க வெச்சா அடுத்த சனிக்கிழம நீங்களே வந்து வாங்கிட்டுப் போவீங்க."

அவர் சொன்னது உண்மை. வாங்கியிருப்பேன்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்று மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பச்சைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். "நேத்து வந்த."

திறந்தேன். அன்று விழாவில் நேரம் போதாது என்று சொன்ன அறிவிப்பாளருடைய பிரதி. கீழே அதே வரி, அதே கையெழுத்து. ஆனால் அவருடைய பெயருக்கு முன்னால் 'பெருமதிப்பிற்குரிய' என்று போட்டிருந்தது. எனக்கு அது போடவில்லை. காசைக் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு புத்தகங்களையும் ஒரே பையில் போட்டுத் தந்தார்.